எல்லா மெஷினும் ஓடுது... ஆனா ஷிப்மென்ட் மட்டும் லேட்! என்ன காரணம்?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கட்டிங் பிரிவில் ஒரு நாளைக்கு 1,000 பீஸ் வெட்ட முடியும். தையல் பிரிவால் 600 பீஸ்தான் தைக்க முடியும். செக்கிங், அயர்னிங், பேக்கிங்கில் 900 பீஸ் வரை முடிக்கலாம். அப்படியானால் தினமும் எத்தனை பீஸ் வெளியே போகும்?

வெறும் 600 தான். கட்டிங்கிற்குப் புது மெஷின் வாங்கினாலும், பேக்கிங்கில் ஓவர்டைம் பார்த்தாலும் அது 601 ஆகாது. அதே நேரம், தையலில் ஒரு மணி நேரம் வேலை நின்றால், மொத்த கம்பெனிக்கும் ஒரு மணி நேர உற்பத்தி போச்சு.

யார் சொன்ன கணக்கு இது?

இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து எழுதிய 'தி கோல்' என்ற நாவல் 1984-ல் வெளியானது. ஒரு தொழிற்சாலை மேனேஜரின் கதை வழியாக அவர் விளக்கிய முறைதான் 'தியரி ஆஃப் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்'. மொத்த உற்பத்தியையும் பிடித்து வைத்திருக்கும் முட்டுக்கட்டையை முதலில் சரிசெய்யணும் என்பதே இதன் அடிப்படை.

5 ஸ்டெப் என்னென்ன?

1. கண்டுபிடிக்கணும்: எந்தப் பிரிவுக்கு முன்னால் சரக்கு குவிந்து கிடக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் முட்டுக்கட்டை.

2. முழுசா பயன்படுத்தணும்: பணம் போடும் முன், அந்தப் பிரிவு சும்மா நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டேமேஜ் துணியைத் தையலுக்குப் போகும் முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

3. மற்ற பிரிவுகள் அதன் வேகத்துக்கு வரணும்: தையல் 600 என்றால், கட்டிங்கும் 600 தான்.

4. திறனைக் கூட்டணும்: இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் புது மெஷின், கூடுதல் ஆட்கள், ஜாப் ஒர்க்.

5. மறுபடியும் தேடணும்: தையல் 950 ஆக உயர்ந்தால், முட்டுக்கட்டை 900-ல் நிற்கும் பேக்கிங் பக்கம் போயிருக்கும்.

இதில் கஷ்டமானது மூன்றாவது ஸ்டெப். கட்டிங் டேபிள் சும்மா இருந்தால் ஓனருக்கு மனசு கேட்காது. ஆனால் தைக்க முடியாத அளவுக்கு வெட்டிக் குவித்த பீஸ் எல்லாமே முடங்கிப்போன பணம்தான். அவசர ஆர்டரும் அந்தக் குவியலுக்குள் மாட்டிக்கொள்ளும்.

முட்டுக்கட்டை வெளியிலும் இருக்கலாம்

நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆர்டர், ஆட்கள், தையல் மெஷின் எல்லாம் இருந்தும், சாயம் போட வழியில்லாமல் பல கம்பெனிகள் திணறின. கழிவுநீர் சுத்திகரிப்பை அலட்சியப்படுத்தியது, கடைசியில் மொத்தத் தொழிலுக்கும் முட்டுக்கட்டையானது.

கடைகளுக்கு சரக்கு அனுப்புவதில் என்ன மாற்றம்?

10 கடைகளுக்கும் மாதச் சரக்கை மொத்தமாக அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு கடையில் 'எம்' சைஸ் தீர்ந்துவிடும், இன்னொரு கடையில் அதே சைஸ் தேங்கிக் கிடக்கும்.

இதற்கு கோல்ட்ராட் சொல்லும் வழி, பெரும்பகுதி சரக்கை மத்திய குடோனிலேயே வைப்பது. அடுத்த லோடு வரும் வரை தேவையானது மட்டும் கடையில் இருந்தால் போதும். அன்றன்றைக்கு என்ன விற்றதோ, அதை மட்டும் நிரப்ப வேண்டும். தனிக் கடையின் விற்பனை தாறுமாறாக ஏறி இறங்கும். 10 கடைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். அதனால் குறைந்த சரக்கிலேயே அதிக வியாபாரம் பார்க்கலாம்.

அடுத்த மெஷினுக்கு லோன் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது வந்தால் வெளியே போகும் பீஸ் கூடுமா? 'இல்லை' என்றால், கூடப்போவது இஎம்ஐ மட்டும்தான்.