கெட்டிப் பால் ராடு!

போன தீபாவளிக்கு வந்திருந்த என் மச்சான், பால்கனிக் கம்பியில் சாய்ந்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். 'டிக்'கென்று ஒரு சத்தம். கம்பி ஒரு பக்கம் ஆடியது. டம்ளர் கீழே போனது. நல்லவேளை, மச்சான் போகவில்லை. இரண்டாவது மாடி சார்! "எங்கண்ணனுக்கு ஏதாவது ஆகியிருந்தா..." என்று மனைவி ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

குனிந்து பார்த்தேன். எவர்சில்வர் குழாயைத் தரையிலிருக்கும் இரும்புத் தகட்டோடு சேர்த்த இடத்தில், வெல்டிங்கிலேயே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுத்த பி.காம். பட்டதாரி அடியேன்தான்.

அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் போய் நின்றேன்.

"என்ன ராடு போட்டாங்க தம்பி?"

"எவர்சில்வர் ராடுதாண்ணே. பில்லுல 308னு போட்டிருக்கு."

"அது எவர்சில்வரும் எவர்சில்வரும் சேர்றதுக்கு. இங்க ஒரு பக்கம் இரும்பாச்சே! ராடு உருகறப்போ ரெண்டு பக்கமும் கொஞ்சம் உருகி அதுல கலந்துடும். பால்ல தண்ணி கலக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, கெட்டிப் பாலா வாங்கணும். 309எல் போட்டிருக்கணும்."

கணக்குதான் நமக்கு வருமே! 308-ல் சுமார் 20 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் நிக்கல். அதில் முப்பது பங்கு இரும்பு கலந்தால் மிஞ்சுவது 14, 7. அங்கேதான் 'மார்ட்டன்சைட்' தலைகாட்டும். கெட்டியாக இருக்கும், ஆனால் வளையாது, அப்பளம் மாதிரி விரியும். 309எல்-லில் சுமார் 23, 13. அதே முப்பது பங்கு கலந்தாலும் 16, 9 நிற்கும்.

இதற்கு ஜாதகக் கட்டமே உண்டு. 1949-ல் ஆன்டன் ஷெஃப்ளர் போட்ட வரைபடம். இரண்டு உலோகத்துக்கும் ராடுக்கும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், பிறக்கப்போகும் வெல்டிங்கின் குணம் தெரிந்துவிடும். பொருத்தம் பார்க்காவிட்டால்? மச்சானைக் கேளுங்கள்!

எவர்சில்வரிலேயே பல ரகம். 304-ஐயும் 316-ஐயும் சேர்க்க 308எல் போதும். உப்புக் காற்று படுகிற இடமென்றால் 316எல் நல்லது. 316-ல் இருக்கும் 2, 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது. இணைப்பிலும் அது வேண்டாமா? அதற்காக 304 பக்கம் 316 ஆகிவிடாது, அது வேறு விஷயம். காந்தம் ஒட்டும் 430-ஐ 304-உடன் சேர்க்கவும் 309எல்தான். கடைசியில் வரும் 'எல்' என்றால் கார்பன் குறைவு. கார்பன் கூடினால், சூட்டில் குரோமியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்தை அரிப்பு பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வெல்டர் வந்தால் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால், "ரெண்டு பக்கமும் என்ன ரகம்? என்ன ராடு?" என்று கேளுங்கள். இரண்டே கேள்விதான்.

பழைய வெல்டிங்கை முழுக்க ராவி எடுத்துவிட்டு 309எல் போட்டாயிற்று. பொங்கலுக்கு மச்சான் வந்தார். காபியோடு பால்கனிக்குப் போனார். கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, முதல்ல நீங்க சாயுங்க!"