தொப்பி போட்ட துரை

பிரான்ஸின் மலைக்கிராமங்களில் வழிகாட்டியோடு ஊர் ஊராக நடப்பதற்கென்றே விடுமுறை எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், நேயர்களே. இங்கே மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா பக்கம் போனால் போதும்.

ராயா ஆற்றங்கரையில் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரரான தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, வேலை அப்படியே நின்றது. மின்தூக்கிக்கு விட்ட இடம் இன்னும் வெறும் குழிதான். வழிகாட்டிகள் பேய்க்கதையும் சொல்வார்கள். நம்புவது உங்கள் பாடு.

அதோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் நடந்தால் மாரியம்மன் கோயில். முதல் உலகப் போரை ஒட்டி வந்த விஷக்காய்ச்சலில் கோட்டை வேலைக்கு வந்த தமிழர்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கேட்டார்கள். துரை கட்டிக் கொடுத்தார். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, இருட்டில் எழுந்து, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான ரப்பர் பால்மரங்களைச் சுற்றி வந்த சனம் கும்பிட்ட சாமி.

அண்ணாந்து பாருங்கள். கோயில் கூரையில், தெய்வங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டை, வெயில் தொப்பியோடு ஒருவர் நிற்பார். துரைதான்!