பாலத்தைத் தகர்த்த பாராசூட் ஜெனரல்

சித்தூர், திருப்பதி நேயர்களே, பாராசூட் படையிலிருந்து உயர்ந்த தளபதி ஒருவர் ஓய்வுக்குப் பிறகு குடியிருந்தது பக்கத்துச் சென்னையில்தான். அவர் லெப்டினன்ட் ஜெனரல் இந்தர்ஜித் சிங் கில்.

1942-இல் அச்சு நாடுகளின் பிடியிலிருந்த கிரீஸ் மலைகளில் இரவில் பாராசூட்டில் குதித்த 12 பேரில் இவரும் ஒருவர். இலக்கு, கோர்கோபோட்டமோஸ் ரயில் பாலம். அங்கே போனால், இரும்புத் தூண்கள் வரைபடத்தில் கண்ட வடிவில் இல்லை! வெடிமருந்தை அந்த இருட்டிலேயே பிசைந்து மாற்றி வைத்தார்கள். நவம்பர் 25 இரவு பாலம் சரிந்தது.

1971 போரின்போது டெல்லி ராணுவத் தலைமையகத்தில் போர் நடவடிக்கைகளைக் கவனித்தவரும் இவரே. கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) டாங்காயிலில் நம் பாராசூட் வீரர்கள் இறங்கியதும் அந்தப் போரில்தான், டிசம்பர் 11-இல். மேற்குப் பிராந்தியத் தளபதியாக 1979-இல் ஓய்வு பெற்றார், 2001-இல் மறைந்தார். இவருடைய வாழ்க்கையை நூலாக எழுதியவர் சென்னை வரலாற்றாளர் எஸ். முத்தையா.