செல்ஃபி எடுத்த கை எங்கே போச்சு, தெரியுமா?

செவ்வாய்க் கிரகத்தில் தன்னந்தனியாக ஒரு ரோவர். சுற்றுவட்டாரத்தில் ஆள் அரவமே கிடையாது. ஆனாலும் எதிரே யாரோ நின்று கிளிக் செய்ததுபோல, தலை முதல் சக்கரம்வரை முழு உருவப் படம்! ‘அப்படியானால் கேமராவைப் பிடித்தது யார்?’ என்று கேட்டுச் சிலர் இன்னமும் சண்டை போடுகிறார்கள். பிடித்தது அந்த ரோவரின் கையேதான்!

கியூரியாசிட்டி ரோவரின் இயந்திரக் கை சுமார் 2 மீட்டர் நீளம். நுனியில் ஒரு கேமரா. 2012 அக்டோபர் 31 அன்று அது சுட்டுத் தள்ளியவை 55 படங்கள்! ஒவ்வொரு படத்துக்கும் கை கொஞ்சம் வளைந்தது, மணிக்கட்டு திரும்பியது. ஒரு படத்தில் கை மறைத்த இடம், இன்னொரு படத்தில் பளிச்சென்று தெரியும். கை விழுந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் இணைத்தால், கை மாயம்! 2021 ஏப்ரல் 6-ல் பெர்சிவரன்ஸ் ரோவர், இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 62 படங்களில் இதையே செய்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், சில ரோவர் செல்ஃபிகளில் கைதான் இருக்காது, அதன் நிழல் தரையில் அப்படியே கிடக்கும்!

இப்படி ஒதுக்குவதற்குப் பெயர் மாஸ்க். இதைப் போட உங்களுக்கு நாசா தேவையில்லை, ஒரு பைசா செலவும் இல்லை, தெரியுமா? ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்மட் டெர்ஷ் 1998-ல் உருவாக்கிய ‘பனோரமா டூல்ஸ்’ மென்பொருளிலிருந்து கிளைத்தது, பல படங்களை ஒரே படமாக இணைக்கும் ‘ஹுகின்’. முற்றிலும் இலவசம்! அதில் படத்தின் மீது வளைத்துக் கோடு போட்டால் அந்தப் பகுதி சிவப்பாகும். ‘இது வேண்டவே வேண்டாம்’ என்று அர்த்தம். பச்சை என்றால் ‘இது கட்டாயம் வேண்டும்’!

உதாரணத்துக்கு, ஒன்றாக இணைப்பதற்காக ஒரு நாற்சந்தியை நான்கு படங்களாக எடுக்கிறீர்கள். மூன்றாவது படத்தின் வலது ஓரத்தில் மஞ்சள் சட்டைக்காரர் சைக்கிளில் வருகிறார். நான்காவதை எடுப்பதற்குள் அவர் கடந்து போய்விட்டார். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் மனிதர் மாட்டிக்கொள்கிறார். மாஸ்க் போடாமல் இணைத்தால் பின்சக்கரம் இருக்கும், முன்சக்கரம் இருக்காது. சில சமயம் அவர் உடம்பு வழியாகப் பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் படிக்கலாம், பேய் மாதிரி! மூன்றாவது படத்தில் அவர்மேல் சிவப்பு மாஸ்க் போட்டால், நான்காவதிலிருந்து காலித் தெரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் முழுசாக வேண்டுமென்றால் பச்சை. சைக்கிளுக்குக் கீழே விழும் நிழலுக்கும் சேர்த்துப் போடுங்கள். பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தை மூடிவிட்டால்? அங்கே ஓட்டைதான் மிஞ்சும்! அதனால்தான் கை தேர்ந்தவர்கள் கூட்டம் விலகும்வரை காத்திருந்து உபரியாக ஒரு படம் தட்டிவைக்கிறார்கள். 360 டிகிரி படத்தில் காலடியில் ட்ரைபாட் தெரியாததும் இதே வித்தைதான்: ட்ரைபாடை நகர்த்தித் தரையைத் தனியாக எடுத்து, மற்ற படங்களில் அதன் கால்களுக்குச் சிவப்பு!

மேகமும் ஒரு வில்லன், தெரியுமா? படங்களைப் பொருத்த, இரண்டிலும் பொதுவாக உள்ள புள்ளிகளை மென்பொருள் தேடும். மேகத்தில் போய்ப் புள்ளி வைத்தால் தொலைந்தது! அடுத்த கிளிக்குக்குள் அது நகர்ந்திருக்கும், கட்டடம் கோணிக்கொள்ளும். மேகத்தில் விழுந்த புள்ளிகளைக் கண்டுபிடித்துக் களையவே ஹுகினில் ‘செலஸ்தே’ என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது.

கம்ப்யூட்டர் காலத்து வித்தை என்றா நினைத்தீர்கள்? அதுதான் இல்லை! 1857-ல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ க்ரே, கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து, தொடுவானத்தில் இணைத்தார். அன்றைய கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு மட்டும் அபார வேகம். கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர், காகிதத்தின் மற்ற பகுதிகளை மூடிமூடி, சுமார் 30 நெகட்டிவ்களிலிருந்து ஒரே படத்தைப் பிறப்பித்தார். அதில் ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? விக்டோரியா மகாராணி!

உச்சகட்டம் இனிமேல்தான். நாசா 2002-ல் வெளியிட்ட ‘புளூ மார்பிள்’ பூமிப் படம் ஒரே கிளிக் அல்ல. பூமியின் மூன்றில் இரண்டு பங்கை எந்நேரமும் மேகம் மூடியிருக்கும். ஆகவே பல மாதச் செயற்கைக்கோள் பதிவுகளிலிருந்து மேகமில்லாத துண்டுகளை மட்டும் பொறுக்கி இணைத்தார்கள். வந்தது சுத்தமான பூமி, ஒரு பஞ்சுகூட இல்லாமல்! பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? வேறு நாட்களில் எடுத்த மேகங்களைக் கொண்டுவந்து அதன்மேலேயே போர்த்தினார்கள்! முதல் ஐபோன் 2007-ல் வந்தபோது அதன் திரையில் மின்னியது இந்தப் பூமிதான்.