இடத்துக்கும் காலத்துக்கும் கடைசித் துண்டு உண்டோ?

உரும்பிராயிலே எம்மிடம் கணிதம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற தவணையில் ஒரு கேள்வி கேட்டான். கரும்பலகையில் ஒரு கோடு கீறி, அதனைப் பாதியாக்கி, அப்பாதியையும் பாதியாக்கி, இவ்வாறு முடிவின்றிப் போகலாம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். "சேர், தண்ணீரைப் பிரித்துக்கொண்டு போனால் மூலக்கூறில் வந்து நிற்கிறோமே, இடத்துக்கும் நேரத்துக்கும் அப்படி ஒரு முடிவு இல்லையா?" என்றான். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆயினும், இருபது ஆண்டுகளாக நாம் கற்பித்துவரும் நுண்கணிதம் முழுவதும் அந்த முடிவின்மையின் மேலன்றோ நிற்கின்றது!

வழக்குப் பழையது. நிலம், நீர், தீ, வளி என்னும் நான்குக்கும் அணு உண்டென்ற வைசேடிகர், ஆகாயமும் காலமும் திசையும் பகுபடாது எங்கும் நிறைந்தவை என்றனர். யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரையோ, ஓர் அணு தான் நின்ற இடம்விட்டு அடுத்த இடம் சேரும் பொழுதே கணம் எனக் காலத்துக்கும் ஒரு கடைசித் துண்டு கூறுகின்றது. இதைக்கொண்டு, இன்றைய விஞ்ஞானத்தை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என மேடையில் முழங்குவார் உளர். நாம் அவருடன் சேரோம். முன்னோர் சிந்தித்தனர், சோதிக்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

அத்துண்டு இருப்பின் எவ்வளவினதாகும்? 1899-இல் ஜேர்மன் அறிஞர் மக்ஸ் பிளாங்க் இயற்கையின் மாறிலிகளை இணைத்து ஒரு நீளத்தைப் பெற்றார். ஒரு மீற்றரை, ஒன்றின் பின் 35 பூச்சியம் இட்ட எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ அந்நீளம் வரும். எந்த நுணுக்குக்காட்டியும் அதனருகே செல்லாது. ஆனால் 1998-இல் அமெலினோ-கமேலியாவும் அவர்தம் துணைவரும் ஓர் உபாயம் கூறினர். எம்மூர்க் கல்லொழுங்கையில் மாட்டுவண்டியின் பெரிய சில்லு இலகுவில் உருளும். பிள்ளைகளின் விளையாட்டுவண்டிச் சில்லோ கல்லுக்குக் கல் தடுக்கும். அதுபோல, வெளி துண்டு துண்டாயின் அலைநீளம் குறைந்த ஒளி சற்றே பிந்தலாம். அத்தாமதம் மிகச் சிறிது. ஆனால் வழி நெடிதாயின் அது சேர்ந்துகொண்டே போகும்.

2009 மே 10-ஆம் நாள் அந்த நெடுவழி வாய்த்தது. முந்திய ஆண்டு விண்ணுக்கு அனுப்பப்பட்ட பேர்மித் தொலைநோக்கி, ஏறத்தாழ 730 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நிகழ்ந்த காமாக் கதிர் வெடிப்பொன்றைக் கண்டது. அதில் ஒரு துணிக்கை, கண்ணுக்குப் புலனாகும் ஒளித்துணிக்கையிலும் ஏறத்தாழ ஆயிரங்கோடி மடங்கு சக்தி உடையது. 730 கோடி ஆண்டு ஓடிவந்தும், வெடிப்பின் முதற் கதிர் வந்து ஒரு செக்கன் கழியுமுன் அதுவும் வந்துவிட்டது! அச்சிறு தாமதம் முழுவதையும் வழியின்மேற் சுமத்தினாலும், அத்தகைய துண்டு பிளாங்கின் நீளத்திலும் சிறிதாகவே இருத்தல் வேண்டும். 2022-இல் நிகழ்ந்த பெருவெடிப்பொன்றைச் சீன நாட்டு நிலையம் ஒன்று அளந்தது. அதனால் அவ்வெல்லை மேலும் பன்மடங்கு இறுகியது.

அப்படியாயின் துண்டே இல்லையென்று தீர்க்கலாமோ? இங்கேதான் நாமும் முதலில் அவசரப்பட்டோம். சோர்க்கின் முதலியோர் 1987-இல் வேறொரு கொள்கை வகுத்தனர். திருச்சியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சுமதி சூரியா அதனை ஆராய்ந்துவருபவர். அதனையும் எம்மூர்ச் செம்மண்ணிலேயே விளக்கலாம். வாழையை நிரையாக நடுவோம். நிரை வழியே நோக்கின் வெளி, சரிவாக நோக்கின் மறிப்பு. எள்ளை வீசி விதைத்த நிலத்திலோ எப்பக்கம் நின்று நோக்கினும் வேறுபாடில்லை. இடகாலத் துண்டுகளும் அவ்வாறு ஒழுங்கின்றித் தூவப்பட்டிருப்பின், ஒளியின் வேகம் சக்திக்கேற்ப மாற வேண்டியதில்லை. பேர்மியின் சோதனை அவற்றைத் தொடாது. இக்கொள்கையைக் கொண்டு, வெறுவெளிக்கும் ஒரு சிறு சக்தி இருத்தல் வேண்டுமெனச் சோர்க்கின் முன்னரே கணித்திருந்தார். பிரபஞ்சம் விரைந்து விரிகின்றதென 1998-இல் அறியப்பட்டபோது கிடைத்த அளவு அக்கணிப்பை ஒத்திருந்தது. அது ஒன்றே சான்றாகாது. ஆயினும் அலட்சியஞ் செய்யத்தக்கதுமன்று.

இவற்றையெல்லாம் மாணவனிடம் சொன்னோம். "விதைக்கும் விதைக்கும் நடுவில் என்ன இருக்கு, சேர்?" என்றான். அங்கே நிலமே இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்னும் முறை மட்டுமே உண்டு. அம்முறையிலிருந்தே இடமும் காலமும் பிறக்கின்றன என்பது கொள்கை என்றோம். அவன் ஒப்பவில்லை. மறுநாள் தன் கொப்பியிற் புள்ளிகள் இட்டு, முந்தியதையும் பிந்தியதையும் கோடுகளால் இணைத்துக் கொண்டுவந்தான். இரண்டிடத்திற் பிழை இருந்தது.