தாடை வீக்கத்துக்கு ஊசிச் சோதனை

தாடையிலோ அண்ணத்திலோ கழுத்திலோ எழும்பும் வீக்கத்தைத் தடவிப் பார்த்து, அது சீழா, நீர்க்கட்டியா, காசநோயா, புற்றா என்று உறுதியாகச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. எக்ஸ்ரே பாதி விடை தரும். மீதி விடை வீக்கத்துக்குள் இருக்கும் செல்களில்தான் உள்ளது. கத்தி வைக்காமல் அந்தச் செல்களை வெளியே எடுக்கும் வழிதான் நுண்ணூசி உறிஞ்சல் சோதனை. மருத்துவமனைகளில் இதை எஃப்.என்.ஏ.சி. என்பார்கள், மக்கள் பேச்சில் ஊசி டெஸ்ட்.

1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த ஹேய்ஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ் இருவரும் கட்டிகளிலிருந்து ஊசியால் செல் எடுத்து நோய் கண்டறிந்ததை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது 18 கேஜ் அளவுள்ள தடித்த ஊசி. பிற்பாடு சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் மெல்லிய ஊசிக்கு மாறிய பிறகே இந்த முறை உலகெங்கும் பரவியது. இன்று பயன்படுவது 22 முதல் 25 கேஜ் வரையிலான ஊசி. அதன் விட்டம் 0.7 முதல் 0.5 மில்லிமீட்டர், ரத்தம் எடுக்கும் ஊசியைவிடச் சற்று மெல்லியது.

கட்டியை இரு விரல்களுக்கிடையே அசையாமல் பிடித்து, சிரிஞ்சுடன் ஊசியைச் செலுத்தி, பிஸ்டனை இழுத்து உறிஞ்சுவிசை உண்டாக்குவார்கள். கட்டிக்குள்ளேயே ஊசியைச் சில முறை முன்னும் பின்னும் அசைக்கும்போது செல்கள் கழன்று ஊசிக் குழலுக்குள் ஏறும். வெளியே எடுக்கும் முன் பிஸ்டனை விட்டுவிட வேண்டும்; இல்லையென்றால் எடுத்த பொருள் முழுவதும் சிரிஞ்சுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கண்ணாடித் தகட்டில் பூசுவார்கள். சில தகடுகளைக் காற்றில் உலரவிட்டு ஜீம்சா சாயமும், சிலவற்றை ஆல்கஹாலில் ஊறவைத்துப் பாப்பனிக்கோலா சாயமும் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மயக்க மருந்தோ அறுவை அரங்கமோ தேவையில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிவு கிடைத்துவிடும்.

தாடை எலும்புக்குள் இருக்கும் கட்டிகளிலும் ஊசி பயனுள்ள தகவல் தரும். உள்ளிருக்கும் கட்டி வளர வளர எலும்புச் சுவர் மெலிந்து, அழுத்தினால் முட்டை ஓடு போல நொறுங்கும் நிலைக்கு வரும். அந்த இடத்தில் ஊசி எளிதாக நுழையும். சுவர் கெட்டியாக இருந்தால் முதலில் துளையிட வேண்டியிருக்கும். நுண்ணோக்கிக்குப் போகும் முன்பே, சிரிஞ்சில் ஏறும் திரவம் பாதி கதையைச் சொல்லிவிடும். சொத்தைப் பல்லின் வேர் நுனியில் உண்டான நீர்க்கட்டியிலிருந்து வைக்கோல் நிறத் திரவம் வரும். அதில் கொலஸ்ட்ரால் படிகங்கள் மின்னும். கெரட்டோசிஸ்ட் என்னும் கட்டியிலிருந்து வருவது வெண்ணெய் போன்ற கெட்டியான பொருள். அதில் கரையும் புரதம் 100 மில்லிக்கு 4 கிராமுக்கும் குறைவாக இருக்கும். இந்த வேறுபாடு வெறும் பாடநூல் விவரம் அல்ல. முதல் வகை, பல்லுக்குச் சிகிச்சை செய்தால் தணியக்கூடியது. இரண்டாவது, சரியாக அகற்றாவிட்டால் மீண்டும் மீண்டும் வரக்கூடியது. அமிலோபிளாஸ்டோமா என்னும் கட்டி மெதுவாக வளர்ந்து தாடையைத் தின்னும். ஊசியில் வரும் செல்கள் அதைச் சந்தேகிக்க வைக்கும். உறுதி செய்ய திசுத் துண்டு வேண்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமான ஒன்று உண்டு. எக்ஸ்ரேயில் வெறும் குழி போலத் தெரிவது சில சமயம் எலும்புக்குள் இருக்கும் ரத்தநாளக் கட்டியாக இருக்கும். தெரியாமல் அங்கே பல்லைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு ஏற்படும். ஊசி போட்டதுமே பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தானாகவே சிரிஞ்சில் ஏறினால் மருத்துவர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தாடைக்குள் இருக்கும் எந்தக் குழியையும் திறக்கும் முன் ஒரு முறை ஊசியால் பார்த்துவிடுவது என்ற வழக்கம் இதனால்தான் வந்தது. அதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளிலும் ஊசிக்கு மதிப்பு அதிகம். காதுக்கு முன்னால் உள்ள பெரிய சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. அண்ணத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் வருபவற்றில் ஏறக்குறையப் பாதி புற்று. முடிவுகளை உலகெங்கும் ஒரே மொழியில் எழுத 2018இல் மிலான் முறை என்ற ஆறு பிரிவு வகைப்பாடு வெளியானது. போதிய செல் கிடைக்கவில்லை என்பதில் தொடங்கிப் புற்று என்பது வரை அதில் படிகள் உள்ளன. முதல் படி வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. மறுபடி ஊசி போட வேண்டும் என்றே பொருள்.

ஊசிக்கு எல்லைகள் உண்டு. அது செல்களைத் தருகிறதே தவிர, அவை திசுவுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன, எவ்வளவு ஆழம் ஊடுருவின என்பதைத் தருவதில்லை. ஆகவே நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ உள்ள புண்ணுக்கு ஊசி பொருந்தாது. அதன் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுக்கும் பயாப்சியே சரி. தாடையில் பெருஞ்செல்கள் தெரிந்தால் அது தாடைக்கட்டியா, பாராதைராய்டு கோளாறின் விளைவா என்பதை ரத்தத்தில் கால்சியம் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

தெற்கு அந்தமானின் சிப்பிகாட் போன்ற ஊருக்கு இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்பதற்குத் தூரமே காரணம். போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் தலைநகரம், பக்கத்தில்தான். ஜி.பி. பந்த் மருத்துவமனையும் அதனோடு 2015இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அங்கே உள்ளன. ஆனால் சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். தீங்கற்ற நீர்க்கட்டிக்காக ஒருவர் கடல் கடக்க வேண்டியதில்லை. புற்று என்றால் ஒரு வாரத்தையும் வீணாக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே பிரித்துக் காட்டுவதற்கு ஊசியைவிட மலிவான வழி கிடையாது. பதப்படுத்திய கண்ணாடித் தகட்டை, நோயாளி ஊரிலேயே இருக்க, அனுபவம் மிக்க வேறொரு நிபுணருக்கு அனுப்பவும் முடியும். தொலைதூரத் தீவுகளுக்கு இதுவே பெரிய வசதி என்று சொல்லலாம்.

தீவுகளில் தென்னைக்கு அடுத்த முக்கியத் தோட்டப் பயிர் பாக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே, புகையிலை சேராவிட்டாலும், மனிதரில் புற்று உண்டாக்கும் பொருள் என்று அறிவித்தது. பாக்கு மெல்லுவதால் வரக்கூடிய வாய்ப்புற்று சில சமயம் கழுத்தில் நெறி கட்டுவதாகவே முதலில் தெரிய வரும். அதே இடத்தில் காசநோய் நெறியும் வரும். ஊசியில் எடுத்த பொருளில் புற்று செல்களைத் தேடலாம்; அதையே மரபணுச் சோதனைக்கு அனுப்பிக் காசநோய்க் கிருமியையும் தேடலாம்.

ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்ற பயம் பலரைச் சோதனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. மெல்லிய ஊசியின் வழியில் புற்று செல் ஒட்டி வளர்வது மிக அரிது. சோதனை இல்லாமல் மாதங்கள் கடந்துபோவதால் வரும் கேடு அதைவிடப் பல மடங்கு பெரியது. வாயில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, தாடையிலும் கழுத்திலும் கரையாத வீக்கமோ இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ உடனே காட்டுங்கள்.