இறைச்சிக்கூடங்களில் பாக்டீரியா மாசு

கால்நடைகளை வெட்டித் தோலுரித்துத் துண்டாக்கும்போது, நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பச்சை இறைச்சியில் சேர்வது இறைச்சிக்கூட பாக்டீரியா மாசு ஆகும். நலமான விலங்கின் தசையின் உட்பகுதியில் பொதுவாக பாக்டீரியாக்கள் இருப்பதில்லை. விலங்கின் தோல், குளம்பு, குடல் ஆகியவற்றிலிருந்தே அவை இறைச்சியை வந்தடைகின்றன. சால்மோனெல்லா, இ. கோலை ஓ157:எச்7 ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பின்னது மாட்டின் குடலில் அதற்கு நோய் எதுவும் தராமல் வாழ்வதால், விலங்கைப் பார்த்து அறிய இயலாது.

மாசு சேரும் விதம்

தோலுரித்தலும் குடல் அகற்றலும் மிகுந்த கவனம் வேண்டிய கட்டங்கள். தோலில் ஒட்டிய சாணம் கத்தி, கை வழியாக இறைச்சியின் மேல் படுகிறது. குடல் கிழிந்தால் அதிலுள்ளவை நேரடியாகச் சிந்துகின்றன. இதைத் தவிர்க்க உணவுக்குழாயும் மலக்குடலும் முதலில் கட்டப்படுகின்றன. கத்திகள் 82 °செ வெந்நீரில் அமிழ்த்தப்படுகின்றன. நீரால் கழுவுவது மட்டும் போதாது. அது சில வேளைகளில் மாசைப் பரப்பியும் விடும். ஆகவே வெந்நீர், நீராவி, லாக்டிக் அமிலத் தெளிப்பு ஆகியன பயன்படுகின்றன. பின்னர் இறைச்சி விரைவாகக் குளிர்விக்கப்படுகிறது. குளிர் பாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுக்குமே தவிர, அவற்றை அழித்துவிடாது.

கொத்துக்கறியின் சிக்கல்

முழுத்துண்டு இறைச்சியில் மாசு பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால், அடுப்புச் சூட்டில் எளிதில் அழிகிறது. அரைக்கும்போது மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. மேலும், ஒரே அரைப்பில் பல மாடுகளின் இறைச்சி கலப்பதால் ஒரு மாட்டின் மாசு முழுவதிலும் பரவக்கூடும்.

1993 நோய்ப்பரவல்

ஐக்கிய அமெரிக்காவில் 1906 ஆம் ஆண்டின் இறைச்சி ஆய்வுச் சட்டம் முதல், ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தும் தொட்டும் முகர்ந்துமே இறைச்சியைச் சோதித்து வந்தனர். நோயுற்ற விலங்குகளை விலக்க இம்முறை உதவியது; பாக்டீரியாவைக் காட்ட அதனால் இயலாது. 1993 இல் ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர்களை உண்டதால் 700 பேருக்கு மேல் ஓ157:எச்7 தொற்று ஏற்பட்டு, நான்கு குழந்தைகள் இறந்தனர். இப்பாக்டீரியாவின் நச்சு, சிறு குழந்தைகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யக்கூடியது.

இதன் விளைவாக, 1994 இல் மாட்டுக் கொத்துக்கறியில் ஓ157:எச்7 இருப்பது கலப்படமாக அறிவிக்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் விதிகள், மாசு சேரக்கூடிய கட்டங்களை முன்கூட்டியே கண்டறிந்து கட்டுப்படுத்துவதை இறைச்சிக்கூடங்களின் பொறுப்பாக்கின. பாக்டீரியாச் சோதனைகளும் கட்டாயமாயின. 2012 முதல் மேலும் ஆறு இ. கோலை வகைகளுக்கு இத்தடை விரிவாக்கப்பட்டது.

வீட்டில் கொத்துக்கறியின் நடுப்பகுதி 71 °செ வெப்பத்தை எட்ட வேண்டும் என்று அந்நாட்டு வேளாண்மைத் துறை பரிந்துரைக்கிறது. சில வேளைகளில் இறைச்சி அவ்வெப்பத்தை அடையும் முன்னரே பழுப்பாகிவிடுவதால், நிறத்தை நம்பாது வெப்பமானியால் அளப்பதே முறை.